குளம் போன இடம்

எர்மெலிந்தாவை வனத்துறை அலுவலகத்தில் வேலைக்கு எடுத்தது தரை துடைக்கத்தான். எண்பத்தொன்பதாம் வருடம் அது. அவள் சேர்ந்த மூன்றாவது மாதம், பைன் காட்டுக்குள் நட்டு வைத்திருந்த இருபத்திரண்டு குழாய்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்மட்டம் அளந்துகொண்டிருந்தவருக்குக் கால் கட்டைவிரல் வீங்கி நடக்க முடியாமல் போயிற்று. அவர் தேறி வரும்வரை தற்காலிகமாக அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொன்னார்கள். அவர் தேறவில்லை. ஓய்வு பெற்றார், பிறகு இறந்தும் போனார். போட்ட உத்தரவை எடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எர்மெலிந்தா முப்பது வருடம் தற்காலிகமாக இருந்தாள்.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய மொபெட்டில் காட்டுக்குள் போவாள். குழாயின் மூடியைத் திருகி எடுப்பாள். நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை உள்ளே இறக்குவாள். குண்டின் அடிப்பக்கம் கிண்ணம்போலக் குழிவாக இருக்கும். தண்ணீரைத் தொட்டதும் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எத்தனை மீட்டரில் கேட்டது என்று நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒரு பிரதி மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். இன்னொன்று வீட்டுச் சமையலறை அலமாரிக்கு. மாவட்ட அலுவலகத்துக்குப் போனவை என்ன ஆயின என்று அவளுக்குத் தெரியாது. சமையலறையில் இருந்தவற்றை அவளாவது அவ்வப்போது எடுத்துப் பார்த்தாள்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு மணலின் குணம் பிடிபட்டது. மணலைப்போல் கை ஓட்டை வேறு எதற்கும் கிடையாது. விடிய விடிய மழை பெய்தாலும் இரண்டு நாளில் மேல்மண் ஊதினால் பறக்கும். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் ஈரம் ஒரு மெல்லிய தோலாக மட்டும் ஒட்டியிருக்கும். பைன் மரங்கள் அதை உறிஞ்சித்தான் பிழைக்கின்றன. மிச்சமெல்லாம் நேரே கீழே இறங்கிவிடும். மணல்மேட்டு உச்சியில் நவம்பரில் பெய்த மழை, அடியில் இருக்கும் நீரைப் போய்ச் சேர ஜனவரி ஆகிவிடும்.

மேடுகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களின் கதை வேறு. அங்கே குளிர்காலம் முழுக்க முழங்கால் அளவு தண்ணீர், தேநீர் நிறத்தில், நின்றுகொண்டிருக்கும். காரணம் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மழைநீர், மேல்மணலில் இருந்த இரும்பையும் இலைச்சருகின் சாற்றையும் கழுவிக் கொண்டுபோய் அங்கே படியவைத்து, மணலை மணலோடு ஒட்டி, காப்பித்தூள் நிறத்தில் கல்போல ஒரு பொருக்கு ஆக்கியிருந்தது. ஊரில் அதற்குச் ‘சுர்ரைப்பா’ என்று பெயர். வேலிக்கம்பம் நடக் குழி வெட்டுகிறவர்கள் அந்தப் பெயரோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தே சொல்வார்கள். தண்ணீர் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

பெரிய பள்ளத்தில் இரண்டு குழாய்கள் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பதின்மூன்றாம் குழாய் பொருக்குக்கு மேலேயே நின்றுவிட்டது. பதினான்காம் குழாய், ஓரம் நன்றாக அடைக்கப்பட்டு, பொருக்கைத் துளைத்துக்கொண்டு கீழே போயிற்று. முன்னதில் அரை மீட்டரில் தண்ணீர். பின்னதில் ஆறு மீட்டரில். எர்மெலிந்தா கண்டபடியே எழுதி அனுப்பினாள். அனுப்பி நான்கு வருடம் கழித்து, மாவட்ட அலுவலகத்தில் யாரோ தூக்கம் கலைந்து ஒரு கடிதம் போட்டார்கள். ஒரே இடத்தில் இரண்டு நீர்மட்டம் இருக்க வாய்ப்பில்லை, பிழையைச் சரிசெய்து மறுபடி அனுப்பவும் என்று இருந்தது. அவள் மறுபடி போய் அளந்து, அதே எண்களை எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தாள்: “குழாய்களிடம் தங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒத்துழைக்க மறுக்கின்றன.” அதற்குப் பதில் வரவில்லை. அந்த அலுவலகத்திலிருந்து அவளுக்கு வந்த ஒரே கடிதம் அதுதான்.

இருபத்தெட்டாவது வருடம், ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, காடு எரிந்தது. ஒரே நாளில் முக்கால்வாசிக் காடு கரியாயிற்று. ஹெலிகாப்டர்கள் கடல்வரை போய்த் தண்ணீர் அள்ளி வருவதற்குள் அடுத்த மேடு பிடித்துக்கொண்டது. எர்மெலிந்தாவின் குழாய்களில் ஒன்பது உருகி, குட்டை மெழுகுவத்திகள்போல நின்றன. அவற்றை மாற்றித் தரும்படி எழுதினாள். மாற்றித் தருவதற்கு முன் அவை உண்மையிலேயே உருகினவா என்று பார்க்க ஒரு குழு வந்தது. குழு பார்த்துவிட்டுப் போய் எட்டு மாதம் கழித்துக் குழாய்கள் வந்தன.

தீக்குப் பிறகு முதல் மழை பெய்த அன்று, இனி மண் குளிர்ந்து எல்லாம் துளிர்க்கும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் கண்கலங்கச் சொன்னார். எர்மெலிந்தா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனாள். மழைநீர் மணலுக்குள் இறங்கவில்லை. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் விழுந்ததுபோல முத்து முத்தாக உருண்டது. உருண்ட முத்துக்கள் ஒன்று சேர்ந்து, சாம்பலையும் வாரிக்கொண்டு, சரிவில் ஓடின. செருப்பு நுனியால் கிளறினாள். ஒரு விரல் ஆழத்தில் மணல் மாவுபோல உலர்ந்து கிடந்தது. இலைச்சருகில் இருந்த மெழுகு தீயில் ஆவியாகி ஒவ்வொரு மணல்மணியிலும் பூசிக்கொண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். செஃபெரீனு கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் உலைமுன் நின்று, நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். இப்போது அவனுக்கு இருந்த முழுநேர வேலை, காப்பிக்கடை மூலை மேசையில் உட்கார்ந்து கருத்துச் சொல்வது.

“மழையில மணல் நனையலயா?” என்றான். “நம்ம ஊருல இனி மீனும் நீந்தாதுன்னு சொல்லுவ போல.”

“நம்பலைன்னா வா, காட்டுறேன்.”

“நம்புறேன் தாயே. மூச்சு விடுறதே கஷ்டமா இருக்கு, இதுல மேடு வேற ஏறணுமா.”

மெழுகு இரண்டு குளிர்காலத்தில் மெல்ல விட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு இறங்கிய மழையைக் குடிக்க மரங்கள் இல்லை. குழாய்களில் தண்ணீர் ஏறியது. பதினான்காம் குழாயில் ஆறு மீட்டர் ஐந்து மீட்டராயிற்று. நிலத்தடி நீர் ஒரு மீட்டர் உயர்ந்திருப்பது காடு மீட்புத் திட்டத்தின் வெற்றி என்று அந்த வருட அறிக்கை சொன்னது. மீட்புத் திட்டம் என்பது அப்போது ஒரு பெயர்ப் பலகையும் ஒரு பிக்கப் வண்டியும்.

இந்த வெற்றியால் ஊக்கம் பெற்ற ஊராட்சித் தலைவர் அபீலியு, ஊருக்கு ஒரு குளம் வேண்டும் என்று முடிவு செய்தார். அபீலியு மரச்சாமான் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் எதையாவது திறந்துவைக்காமல் அவரால் ஒரு வருடத்தைக் கடக்க முடியாது. போன வருடம் திறந்துவைக்க வேறு எதுவும் கிடைக்காததால், மணல்மேட்டு அடிவாரத்தில் இருந்த தன் வீட்டின் கீழேயே ஒயின் நிலவறை ஒன்றைத் தோண்டி, ரிப்பன் கட்டி, பாதிரியாரைக் கூப்பிட்டுத் திறந்துவைத்துக்கொண்டார்.

கூட்டம் ஊராட்சி மண்டபத்தில் நடந்தது. மாவட்டத் தலைநகர் அலுவலகத்திலிருந்து சம்பாயு என்கிற எஞ்சினியர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது மணல் என்ற சொல்லையே கைக்குட்டையால் பிடித்து எடுப்பவர்போல உச்சரித்தார். நாற்காலி போட்டுக் காப்பி கொடுக்க எர்மெலிந்தாவை அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள்.

“இடம் ஏற்கெனவே ரெடியா இருக்கு,” என்றார் சம்பாயு. “பெரிய பள்ளத்துல எப்பவும் தண்ணி நிக்குது. ஆனா ஆழம் போதாது, ஹெலிகாப்டர் வாளி முங்காது. மூணு மீட்டர் இறக்கிட்டோம்னா வருஷம் முழுக்க நிக்கும். எல்லாம் ஒரே சீரான மணல், சிக்கலே கிடையாது.”

எர்மெலிந்தா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். “எஞ்சினியர் சார், மூணு மீட்டர் இறக்கினா இப்ப நிக்கிறதும் நிக்காது.”

“எதனால அப்படிச் சொல்றீங்க?”

“ஒண்ணரை மீட்டர்ல சுர்ரைப்பா இருக்கு. தண்ணி அதுமேலதான் உக்காந்திருக்கு. அதுக்கும் கீழ மூணு மீட்டருக்கு மேல வெறும் காஞ்ச மணல். முப்பது வருஷமா அளக்கிறேன்.”

“அதுக்கென்ன, மேடம். பொருக்குதானே. உடைச்சிட்டா ஆழம் கிடைச்சிருமே.”

“தாராளமா உடைக்கலாம் சார். அண்டா ஆழம் பத்தலைன்னு அடியைத் தட்டி எடுக்கிற மாதிரி.”

கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். மண்வெட்டி எந்திரம் ஓட்டும் நார்சீசு. எஞ்சினியர் கணினித் திரையைப் பார்த்தார். அபீலியு மிகுந்த அன்போடு எழுந்து நின்றார்.

“தோனா எர்மெலிந்தா, காப்பி இன்னிக்கி ரொம்ப நல்லா இருக்கு. இன்னொரு கப் கிடைக்குமா?”

அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் செஃபெரீனு கேட்டான். “கூட்டத்துல என்னம்மா சொன்னாங்க?”

“காப்பி நல்லா இருக்காம்.”

“அப்ப தோண்டப் போறானுங்க,” என்று சொல்லிவிட்டு அவன் சூப்பில் ரொட்டியை நனைத்தான்.

செப்டம்பரில் தோண்டினார்கள். வருடத்திலேயே பள்ளம் வற்றிக் கிடக்கும் மாதம் அது. ஒரு நாள் முழுக்க எந்திரம் வெண்ணெயை வெட்டுவதுபோல மணலை வெட்டியது. இரண்டாம் நாள் காலை, கிறீச்சென்று ஒரு சத்தம். நார்சீசு எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அன்று குழாய் அளக்கும் நாள். எர்மெலிந்தா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“அக்கா, இதுதான் நீங்க சொன்ன அண்டாவா?”

“இதேதான். எவ்வளவு அழகா இருக்கு பாரு.”

அழகாகத்தான் இருந்தது. குழியின் தரை முழுக்கக் கரும்பழுப்பு நிறத்தில், ஈரம் மினுங்க, தார் போட்ட முற்றம்போலக் கிடந்தது. நார்சீசு பூட்ஸ் காலால் மிதித்துப் பார்த்தான்.

“என்ன செய்யட்டும்?”

“என்னை ஏன்டா கேக்குற? நான் காப்பி போடுறவ.”

நார்சீசு தலைவருக்குப் போன் செய்தான். தலைவர் எஞ்சினியருக்குப் போன் செய்தார். எஞ்சினியர் வரைபடத்தைப் பார்த்தார். வரைபடத்தில் பொருக்கு இல்லை. வரைபடத்தில் இல்லாதது குழியில் இருப்பது முறையல்ல என்பதால், பிற்பகலில் உடைப்புச் சுத்தியல் பூட்டிய இன்னோர் எந்திரம் வந்தது. இரண்டு நாள் அது தட்டிக்கொண்டே இருந்தது. பொருக்கு கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அதன் கீழே இருந்த மணல் வெளிர் மஞ்சளாக, பொலபொலவென்று இருந்தது. நார்சீசு ஒரு கை அள்ளி விரல்களின் வழியே விட்டான். மணற்கடிகாரத்தில் விழுவதுபோலச் சத்தமில்லாமல் விழுந்தது.

“காஞ்சுல்ல கிடக்கு,” என்றான். பிறகு, பார்க்க வந்து நின்ற எர்மெலிந்தாவின் முகத்தைப் பார்க்காமல் எந்திரத்தில் ஏறிக்கொண்டான்.

அந்தக் குளிர்காலம் நல்ல மழை. குழியில் ஒரு தவளை நனையும் அளவுகூடத் தேங்கவில்லை. அது மட்டும் என்றால் எர்மெலிந்தாவுக்குச் சிரிப்புதான் வந்திருக்கும். பள்ளத்தின் மிச்ச இடத்தில், பொருக்கு உடையாத இடங்களில், வழக்கமாக நிற்கும் தண்ணீரும் நாலு பக்கத்திலிருந்தும் மணலுக்கு அடியே நகர்ந்து வந்து, குழியின் விளிம்பில் கசிந்து, ஓட்டை வழியே போய்க்கொண்டிருந்தது. ஜனவரி முதல் வாரம் பதின்மூன்றாம் குழாயில் நாடாவை இறக்கினாள். சத்தம் வரவில்லை. இன்னும் இறக்கினாள். குண்டு அடியைத் தட்டி நின்றது. மேலே இழுத்தபோது அதன் குழிவில் உலர்ந்த மணல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருடத்தில் ஜனவரியில் அந்தக் குழாய் பேசாமல் இருந்ததில்லை. அவள் மொபெட்டின்மேல் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ‘இல்லை’ என்று எழுதினாள். பள்ளத்தின் ஓரத்தில் அந்தத் தண்ணீரை நம்பி நின்ற வில்லோ மரங்களைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் திறப்பு விழா அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அழைப்பிதழ் அச்சான பிறகு குளத்தில் தண்ணீர் இல்லை என்பது ஒரு சிறு குறை. விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஓடைக்கரையில் பெரிய டீசல் பம்பு ஒன்றை வைத்து, நானூறு மீட்டர் குழாய் போட்டு, இரவும் பகலும் இறைத்தார்கள். மூன்றாம் நாள் காலை முழங்காலுக்குச் சற்று மேலே தண்ணீர் நின்றது. அபீலியு தன் மாமியார் வீட்டுக் கொல்லையிலிருந்து ஆறு வாத்துகளைக் கொண்டுவந்து விட்டார், பார்க்க இயற்கையாக இருக்கட்டும் என்று. ஒன்பதரை மணிக்கு, பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று பம்பை நிறுத்தினார்கள்.

தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியம் வந்தது. மாவட்டத்திலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்தார். ஒவ்வொருவராக வரவேற்று, ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, அபீலியு பேச ஆரம்பிக்கும்போது பத்தரை. அவர் முகம் கூட்டத்தைப் பார்த்து இருந்தது. முதுகுக்குப் பின்னால் குளம். கூட்டத்துக்குத்தான் முழுக் காட்சி கிடைத்தது.

“தண்ணீர் என்பது உயிர்,” என்றார் அபீலியு. வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

“இந்தத் தண்ணீர் நம் பிள்ளைகளுக்கு, அவர்களின் பிள்ளைகளுக்கு,” என்றார். கரையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு ஈரமணல் தெரிந்தது.

தீயில் வீடு இழந்தவர்களை அவர் நினைவுகூர்ந்தபோது அது ஒரு முழமாயிற்று. தனக்கு முன்னிருந்த தலைவர்கள் செய்யத் தவறியவற்றைப் பட்டியலிட்டு முடித்தபோது வாத்துகள் எழுந்து நின்றன. ஒன்று இரண்டடி நடந்து, கீழே பார்த்து, மீண்டும் நடந்தது. பேண்டு வாத்தியத்தில் பெரிய பித்தளைக் குழல் வாசிப்பவர் குழலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“தலைவரே,” என்றார் அதிகாரி மெதுவாக. “வாத்தெல்லாம் நடக்குதே.”

அபீலியு திரும்பிப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நொடிதான் தடுமாறினார்.

“காத்து ஜாஸ்தி இன்னிக்கி,” என்றார். “ஆவியாகுது.”

பிப்ரவரி மாதம். பனிமூட்டம் இன்னும் விலகியிருக்கவில்லை. எல்லோரும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். பாதிரியார் மட்டும் கடமை தவறாமல் சரிவில் இறங்கி, சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, மிச்சமிருந்த குட்டைக்கு மந்திரித்த நீரைத் தெளித்தார். அன்று குளத்தில் இறங்காமல் தங்கியது அந்த நீர் ஒன்றுதான் என்று செஃபெரீனு காப்பிக்கடையில் பின்னால் சொன்னான். அந்தக் கேலி ஊரில் ஒரு வாரம் ஓடியது.

எஞ்சினியர் சம்பாயு நம்பிக்கை இழக்கவில்லை. ஓடைத் தண்ணீரில் வண்டல் இருக்கிறது, இறைக்க இறைக்க அது அடியில் படிந்து ஓட்டையை அடைத்துவிடும், நிறுத்தாமல் இறைக்கவும் என்று எழுதினார். ஓடைத் தண்ணீரோ கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. மணல்காட்டு ஓடைக்கு வண்டல் எங்கிருந்து வரும்? பம்பு ஒரு மாதம் ஓடியது. குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பம்பு நின்றால் தண்ணீரும் போய்விடும்.

ஊரில் எல்லோரும் தண்ணீர் எங்கே போகிறது என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு என்றார்கள் சிலர். பூமியின் நடுவுக்கு என்றார்கள் சிலர். எர்மெலிந்தாவுக்குப் பேச நேரமில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றிருந்ததை இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டு குழாய்களைச் சுற்றி வந்தாள். பம்பு ஓட ஆரம்பித்த நான்காம் நாளே பதினான்காம் குழாயில் நீர் குபுகுபுவென்று ஏறியது. பன்னிரண்டாம் நாள், ஊர்ப்பக்கமாக நூறு மீட்டர் தள்ளியிருந்த பதினைந்தாம் குழாய் ஏறியது. இருபத்தோராம் நாள் பதினாறாம் குழாய். அந்த வரிசையில் அதற்கு அடுத்தது குழாய் இல்லை. அபீலியுவின் வீடு.

சமையலறை நாள்காட்டியின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தாள். செஃபெரீனு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

“இதைப் போய் அந்தாளுகிட்டச் சொல்லப் போறியா?”

“சொல்லாம இருக்க முடியுமா. கெட்டவனா அவன்.”

“சொல்லாதே. ஒரே ஒரு தடவை வாயை மூடிட்டு இரேன். எனக்காக.”

மறுநாள் காலை அவள் மரச்சாமான் கடைக்குப் போனாள். அபீலியு ஒரு கட்டிலின் விலையைப் பற்றி யாருடனோ பேசிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் முகத்தை விழாவுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார்.

“வாங்க தோனா எர்மெலிந்தா. என்ன விசேஷம்?”

“நிலவறையில இருக்கிற பாட்டிலையெல்லாம் மேல எடுத்து வச்சிருங்க தலைவரே. அடுத்த மாசம் ஆறாம் தேதிக்குள்ள.”

“எதுக்கு?”

“உங்க குளம் வந்துகிட்டிருக்கு.”

அபீலியு சிரித்தார். கட்டில் வாங்க வந்தவரும் சிரித்தார். “என் நிலவறை கட்டுன கொத்தனார் கொயிம்ப்ரா யுனிவர்சிட்டியில படிச்ச எஞ்சினியரைவிடக் கெட்டிக்காரன், அம்மா. ஒரு சொட்டு இறங்காது.”

“இறங்காது தலைவரே. ஏறும்.”

நான்காம் தேதி காலை அபீலியுவின் மனைவி ஊறுகாய் ஜாடி எடுக்க நிலவறைக்குப் போனவள், கடைசிப் படிக்குப் பதிலாகத் தண்ணீரில் கால் வைத்தாள். பாட்டில்கள் முங்கிக் கிடந்தன. அவற்றின் பெயர்ச்சீட்டுகள் கழன்று, எது எந்த வருடத்து ஒயின் என்று இனி கடவுளுக்கே தெரியாது என்ற நிலையில், தண்ணீரின்மேல் படர்ந்திருந்தன. செய்தி கேட்ட எர்மெலிந்தா மகிழ்ச்சி எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆறாம் தேதி என்று சொன்னோமே, இரண்டு நாள் எப்படிப் பிசகியது என்று நாள்காட்டியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபீலியு ஒரு சிறிய பம்பு வாங்கி நிலவறையிலிருந்து தண்ணீரை வெளியே இறைத்தார். வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை. குழாயை அதில் விட்டார். அங்கிருந்து சற்றுக் கீழேதான் பெரிய பம்பு குளத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பம்புகளும் இரவும் பகலும் ஒற்றுமையாக உழைத்தன. ஓடையிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து நிலவறைக்கு, நிலவறையிலிருந்து ஓடைக்கு. மூன்று நாள் இது யாருக்கும் விளங்கவில்லை. நான்காம் நாள் செஃபெரீனு தன் மூலை மேசையில், உப்பிட்ட லூப்பின் கொட்டையைத் தோலுரித்துக்கொண்டே, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

“நம்ம தலைவரைச் சும்மா சொல்லக் கூடாதுப்பா. உலகத்துல எல்லா ஆறும் நேராத்தான் ஓடுது. வட்டமா ஓடுற ஆறை முதல்ல கண்டுபிடிச்சது அவருதான்.”

அன்று மத்தியானமே பெரிய பம்பு நின்றது. பத்து நாளில் நிலவறையும் வடிந்தது.

ஒரு வாரம் கழித்து எஞ்சினியர் சம்பாயு எர்மெலிந்தாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். தனியாக வந்திருந்தார், கணினி இல்லாமல். அவள் முட்டைக்கோசு சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து நோட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினாள். அவர் சூப்பைத் தொடவில்லை. ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிக்கொண்டே போனார். ஒன்றரை மணி நேரம் போயிற்று.

“இதெல்லாம் எங்க மாவட்ட ஆபீசுக்கு வந்துச்சா?” என்று கேட்டார் கடைசியில்.

“மாசம் ரெண்டு தடவை.”

“யாரும் ஒண்ணும் கேக்கலயா?”

“சூப்பு ஆறுது சார்.”

அவர் காது சிவந்தது. அது அவருக்குப் பெருமை சேர்க்கும் விஷயம். அந்த அலுவலகத்தில் காது சிவக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். ஆறிய சூப்பை அவர் முழுவதும் குடித்தார். அவர் எழுதிய அறிக்கையில் “பிற்பாடு கிடைத்த தரவுகளின்படி” என்று ஓர் இடத்தில் வந்தது. முப்பது வருடமாகக் கிடைத்துக்கொண்டே இருந்த தரவுகள் ஒருவழியாகப் பிற்பாடு கிடைத்திருந்தன.

அறிக்கையின்படி குழியைச் செங்கல் சூளையிலிருந்து கொண்டுவந்த களிமண்ணால் அடைத்தார்கள். அது சுர்ரைப்பா ஆகிவிடவில்லை. மழை நூற்றாண்டுக் கணக்கில் செய்ததை லாரி மூன்று வாரத்தில் செய்ய முடியாது. அடுத்த குளிர்காலம் பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, மார்ச்சுக்குள் போய்விட்டது. ஓரத்து வில்லோக்களில் பாதி காய்ந்தன. அதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. எர்மெலிந்தா எழுதினாள், நீர்மட்ட எண்ணுக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், எத்தனை மரம் என்று.

ஆனாலும் ஊருக்குக் குளம் வேண்டியிருந்தது. காடு மறுபடி துளிர்த்தால் மறுபடி எரியும். மே மாதம் அபீலியு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பழைய சட்டை போட்டிருந்தார்.

“எங்க தோண்டணும்னு சொல்லுங்க, தோனா எர்மெலிந்தா.”

“தோண்டணும்ங்கிற பேச்சை முதல்ல விடுங்க. கரை கட்டலாம். பொருக்கு எங்க நல்லாக் கெட்டியா இருக்கோ, அதுமேல, சுத்திலும் களிமண் கரை எழுப்பினா மழைத் தண்ணி தானா ஏறும். கீழே போகாம மேலே போங்க.”

“சரி. எங்க?”

“அதைத்தான் பார்க்கணும்.”

பார்ப்பதென்றால், கைத்துளைப்பானைப் பிடித்து மணலுக்குள் திருகி இறக்கி, ஒவ்வொரு முழத்துக்கும் மேலே எடுத்து, என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய பள்ளத்துக்கு வடக்கே, யாரும் இன்னும் கைவைக்காத பள்ளத்தில் பத்தடிக்கு ஒன்றாக நாற்பது துளை. நார்சீசுவைக் கூப்பிட்டிருக்கலாம். எர்மெலிந்தா கூப்பிடவில்லை. துளைப்பானின் கைப்பிடியைத் தலைவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

முதலில் சாம்பல் மணல் வந்தது. பிறகு வெள்ளை மணல். பிறகு ஈரமான வெள்ளை மணல். அபீலியுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றே கால் மீட்டரில் துளைப்பான் முனகிக்கொண்டு நின்றது. மேலே எடுத்தார். நுனியில் காப்பி நிறத்தில் ஒரு விரற்கடை ஒட்டியிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்து, நசுக்கிப் பார்த்து, முகர்ந்தார்.

“இதுவா?”

“இதுதான்.”

“இவ்வளவு நாள் இதுமேல நடந்திருக்கேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல.” கைப்பிடியை மறுபடி பிடித்தார். “இன்னும் கொஞ்சம் திருகிப் பார்க்கட்டுமா?”

“வேணாம் தலைவரே. இத்தோட நிறுத்திக்குவோம். பழக்கமில்லாத வேலைதான், கத்துக்கிடுங்க.”

அவர் நிறுத்தினார். முப்பத்தொன்பது துளை பாக்கி இருந்தது. இரண்டு நாளில் முடித்தார்கள்.

கரை அந்த இலையுதிர்காலத்தில் எழுந்தது. மார்ச்சில் ஆள் மூழ்கும் அளவு தண்ணீர் நின்றது, ஆகஸ்டிலும் வற்றவில்லை, ஹெலிகாப்டர் இரண்டு முறை வந்து வாளியை முக்கி அள்ளிக்கொண்டு போனது. திறப்பு விழா சுருக்கமாக நடந்தது, பேச்சு நான்கே நிமிடம். வாத்துகள் தாமாகவே வந்தன, காட்டு வாத்துகள். கரையோரப் பலகையில் ஊராட்சித் தலைவர் அபீலியுவின் பெயரும் எஞ்சினியர் சம்பாயுவின் பெயரும் மாவட்ட அதிகாரியின் பெயரும் பொன்னெழுத்தில் இருந்தன.

விழாவுக்கு வந்த செஃபெரீனு பலகையை இரண்டு முறை படித்துவிட்டு மூச்சு வாங்கினான்.

“உன் பேரு எங்கயும் காணோமே. வருத்தமா இல்லயா உனக்கு?”

எர்மெலிந்தா கரையின் வெளிச்சரிவில் குனிந்து, உள்ளங்கையை மணலில் வைத்து ஈரம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கி ஒழுகினா யாரைத் தேடுவாங்க?” என்றாள். “பேரு போட்டவங்களத்தான். வா, வண்டிக்குப் போவோம்.”